தனிப்பாட்டு

தமிழ் இலக்கியத்தில் தனிப்பாடல் என்று ஒரு வகை உண்டு என்பதை மாணவர்களாகிய நீங்கள் அறிவீர்கள். காப்பியம் இயற்றும் புலவனுக்கு நிறைய இடம் இருக்கிறது. நாட்டுப் படலத்தில் சற்றுச் சோர்ந்தால் நகரப் படலத்தில் நிமிர்ந்துகொள்ளலாம். ஒரு செய்யுள் சப்பென்று போனால் அடுத்த செய்யுள் அதனை மறைத்துவிடும். தனிப்பாடல் பாடுகிறவனுக்கு அந்த வசதி கிடையாது. அவனுக்கு வாய்த்தவை நான்கே அடிகள். அந்த நான்கு அடிக்குள் சொல்ல வந்ததைச் சொல்லிச் சபையின் தலையை அசைக்க வைக்கவேண்டும். இல்லையேல் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேற வேண்டும். காளமேகப் புலவர் இந்த வித்தையில் மன்னர். பாம்பையும் எள்ளையும் ஒரே செய்யுளில் பிடித்து வைப்பது என்ன சாமானியமா? கூட்டத்தில் யாராவது ஒருவர் பொருள் விளங்காமல் சிரித்துவிட்டால் புலவர் கதை அத்தோடு தீர்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் இராமநாதபுரம் பொன்னுசாமித் தேவரின் ஆதரவில் சந்திரசேகர கவிராயர் இவற்றையெல்லாம் 'தனிப்பாடல் திரட்டு' என்று தொகுத்து வைத்தார். அவர் தொகுக்காமல் விட்டிருந்தால் பல செய்யுட்கள் காற்றோடு போயிருக்கும்.

இன்று இசையுலகில் 'சிங்கிள்' என்று ஒரு சொல் வழங்குகிறது. உங்கள் கைப்பேசியில் வெள்ளிக்கிழமைதோறும் ஒன்றோ இரண்டோ வந்து விழுகின்றன. பத்துப் பன்னிரண்டு பாட்டுகளைக் கொண்ட தொகுப்பாக அன்றி, ஒரே ஒரு பாட்டைத் தனியே வெளியிடுவதற்குத்தான் அந்தப் பெயர். இதற்குத் தமிழில் புதிதாகச் சொல் தேடி அலைய வேண்டாம் என்பது என் எண்ணம். தனிப்பாட்டு என்றே சொல்லிவிடலாம். காளமேகத்துக்கு இருந்த அதே ஆபத்துதான் இதைப் பாடுகிறவருக்கும் இருக்கிறது.

நான் வசிப்பது திருப்பூரை அடுத்த வேலம்பாளையத்தில். 'பதினைந்து வேலம்பாளையம்' என்றால் பஸ் கண்டக்டருக்கு எளிதில் விளங்கும். 2011 முதல் எங்கள் ஊர் திருப்பூர் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. ஒரு பக்கம் அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறைகளின் தட்டல் ஓசை. மறுபக்கம் பனியன் கம்பெனிகளின் இரைச்சல். இந்த இரண்டுக்கும் நடுவில் பாட்டுக்கு இடம் எங்கே என்று நீங்கள் கேட்கலாம். பாட்டு இல்லாமல் இங்கே ஒரு தையல் ஓடாது என்பதே உண்மை. காலை எட்டரை மணிக்கு ஓவர்லாக் மெஷின்கள் முடுக்கப்படும்போது முடுக்கப்படுகிற பாட்டு, 'ஒன்றரை ஷிப்ட்' முடிந்து விளக்கு அணைகிற வரையில் ஓயாது. டெய்லருக்கும், அவர் பக்கத்தில் நின்று துணியை எடுத்துக் கொடுக்கும் கைமடிக்கும், செக்கிங் மேசைப் பெண்களுக்கும் அதுதான் நேரத்தை நகர்த்தும் சக்கரம். தமிழ்ப் பாட்டோடு இப்போது ஒடியாப் பாட்டும் போஜ்புரிப் பாட்டும் கலந்து கேட்கின்றன. வேலைக்கு வந்திருப்பவர்கள் அப்படி.

இந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஆயிரக்கணக்கில் உருப்படி தைப்பதற்கு முன்னால், 'சாம்பிள்' என்று ஒரே ஓர் உருப்படியைத் தைத்து, வாங்குகிறவருக்கு அனுப்பி வைப்பார்கள். கழுத்துப் பட்டி சற்றே சாய்ந்தாலும், சாயம் ஒரு நிழல் மாறினாலும் அது திரும்பி வரும். கம்பெனியின் மொத்த ஆர்டரும் அந்த ஒற்றைச் சட்டையைத் தொற்றிக்கொண்டு நிற்கும். எங்கள் ஊர்க்காரருக்குத் தனிப்பாட்டைப் பற்றி விளக்க எனக்கு இதைவிட நல்ல உவமை அகப்படவில்லை. ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. சாம்பிள் தைக்கிறவர், வாங்குகிறவர் கொடுத்த அளவிலே தைக்கிறார். நான் இங்கே சொல்லப்போகும் பாடகர்களோ, யாரும் கேட்காத அளவிலே தைத்தவர்கள்.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். பாட்டு மூன்று நிமிஷமோ நான்கு நிமிஷமோ இருக்கவேண்டும் என்று எந்த இலக்கண நூலும் விதிக்கவில்லை. அதை விதித்தது ஓர் இயந்திரம். நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுழன்ற பழைய பத்து அங்குல இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிஷ நேரத்துக்கே இடம் இருந்தது. 1902 நவம்பரில் கெய்ஸ்பர்க் என்ற ஒலிப்பதிவாளர் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானின் பாட்டைப் பதிவு செய்தார். ஒரு ராகத்தை மணிக்கணக்கில் விரித்துப் பழகியவர் அந்த அம்மையார். மூன்று நிமிஷத்தில் அதை மடித்துக் கொடுத்துவிட்டு, முடிவில் தம் பெயரையும் ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். ஜெர்மனி தேசத்து ஹனோவர் நகரில் தட்டை அச்சிடுகிறவர்களுக்குப் பாடியவர் யார் என்று தெரியவேண்டும் அல்லவா? தமிழ்நாட்டில் நம் வித்வான்கள் பலர் நெடுநாள் தயங்கினார்கள். கடையில் விற்கும் பண்டமாக வித்தையை ஆக்குவதா என்ற கூச்சம். குழாயை நோக்கிப் பாடினால் குரல் போய்விடும் என்ற பயம். பயப்பட்டவர்களை நான் கேலி செய்யமாட்டேன். தம் தொண்டையைத் தவிர வேறு சொத்து இல்லாதவர்கள் அவர்கள்.

தயங்காமல் போனவர்களில் முதன்மையானவர்கள் நாடக மேடைக்காரர்கள். அவர்களில் எங்கள் கொங்கு நாட்டுக் கொடுமுடியைச் சேர்ந்த கே. பி. சுந்தராம்பாளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். 1908இல் பிறந்த அந்த அம்மையார், வறுமையின் காரணமாகச் சிறு வயதில் ரயில் வண்டியில் பாடிக் காசு பெற்றார் என்று அவர் வரலாறு கூறுகிறது. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசை மண் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் எட்டும்படி பாடவேண்டிய காலம் அது. அந்தக் குரல் தட்டில் ஏறியபோது, கொட்டகைக்குப் போக வழியில்லாத கிராமத்து மக்களும் திண்ணையில் கூடி அதைக் கேட்டார்கள்.

அவர் எடுத்துக்கொண்ட துணிவு என்ன? பக்திப் பாட்டும் நாடகப் பாட்டும் பாடினால் தட்டுகள் விற்கும். எவருக்கும் கோபம் வராது. அவரோ காந்தியடிகளைப் பற்றிப் பாடினார். தேசத்தைப் பற்றிப் பாடினார். அவர் கணவர் எஸ். ஜி. கிட்டப்பாவும் அதே வழியில் நின்றவர். அது சட்டமறுப்பு இயக்கத்தின் காலம் என்பதை நினைவில் வையுங்கள். 1932 ஜனவரியில் எங்கள் திருப்பூர் வீதியில் ஊர்வலத்தில் சென்ற குமரன், கொடியைப் பிடித்த கையோடு அடிபட்டு வீழ்ந்து மறுநாள் உயிர் நீத்தார். கொடி பிடித்தால் தடியடி விழுந்த அந்த நாட்களில், அந்தக் கொடியைப் பற்றிப் பாடுவது விளையாட்டல்ல. நாடகங்களைத் தடை செய்ய 1876ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அரசாங்கத்தின் கையில் தயாராக இருந்தது.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. இத்தகைய தேசியப் பாட்டுத் தட்டுகளை அச்சிட்டு விற்றவை பெரும்பாலும் வெளிநாட்டுக் கம்பெனிகளே. வெள்ளையனை எதிர்த்துப் பாடிய பாட்டை வெள்ளையன் கம்பெனி விற்று லாபம் பார்த்தது. வியாபாரத்துக்குக் கொள்கை ஒரு பொருட்டல்ல, விற்றால் போதும்! பாடியவர் தம் பெயரையும் பிழைப்பையும் பணயம் வைத்தார். விற்றவர் எதைப் பணயம் வைத்தார்? இந்தக் கேள்வியைச் சற்று நேரம் உங்கள் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். நான் மறுபடி இதற்கு வரவேண்டியிருக்கும்.

1933இல் கிட்டப்பா மறைந்தார். சுந்தராம்பாள் வெள்ளை உடை உடுத்தி மேடையைவிட்டு விலகினார். அப்போது அவருக்கு வயது 25. சத்தியமூர்த்தி போன்ற தலைவர்கள் வற்புறுத்தியதன் பேரில்தான் மீண்டும் வெளியே வந்தார். 1935இல் 'நந்தனார்' படத்தில் ஆண் வேடம் புனைந்து நடித்தார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய் என்பது அந்நாளில் ஊரெல்லாம் பேசிய செய்தி. படத்தைக் கல்கி வெகுவாகக் கேலி செய்து எழுதினார். ஆனால் அந்தக் குரலை யாராலும் கேலி செய்ய முடிந்ததில்லை.

பாரதியார் பாட்டுகளின் கதையையும் இங்கே ஒரு வரியில் சொல்லிப் போகிறேன். அவற்றை இசைத்தட்டில் பதியும் உரிமை கைமாறிக் கைமாறி ஏ. வி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. 1949இல் சென்னை அரசாங்கம் பாரதி நூல்களைப் பொதுவுடைமையாக்கியபோது அவர் அந்த உரிமையை விலை எதுவும் வாங்காமல் கொடுத்துவிட்டார். கவிஞர் 1921இலேயே மறைந்துவிட்டார். தட்டில் சுழன்ற தம் பாட்டிலிருந்து அவருக்கு ஒரு சல்லியும் வந்ததில்லை.

நான் பேசிக்கொண்டிருக்கிற இந்த வானொலியைப் பற்றியும் ஒன்று சொல்லாமல் போனால் நேர்மையாகாது. 1952இல் கேஸ்கர் மத்திய மந்திரியாக வந்த பின்னர், சினிமாப் பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று கருதி, அகில இந்திய வானொலி அதற்குக் கதவைச் சாத்தியது. ரசனை திருந்தியதா? மக்கள் பெட்டியின் முள்ளைச் சற்றே திருப்பி இலங்கை வானொலிக்குப் போனார்கள்! 1957 அக்டோபரில் விவித் பாரதி பிறந்ததற்கு இதுவும் ஒரு காரணம். கதவைச் சாத்துகிறவர்களின் பக்கமே எப்போதும் நியாயம் இருப்பதாக நினைத்துவிடாதீர்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இலங்கை என்றதும் இன்னொரு கதை நினைவுக்கு வருகிறது. 1960களின் பிற்பகுதியில் அங்கே தமிழ் இளைஞர்கள் சிலர் கித்தாரைக் கையில் எடுத்துக்கொண்டு, பைலா தாளத்தில் வீட்டு வழக்குத் தமிழை வைத்துப் பாடத் தொடங்கினார்கள். 'பொப் இசை' என்று அதற்குப் பெயர் வந்தது. நித்தி கனகரத்தினம் பாடிய 'சின்ன மாமியே' என்ற பாட்டைப் பெரியவர்கள் முகம் சுளித்துக்கொண்டே கேட்டார்கள். முகம் சுளித்தாலும் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. ஏ. ஈ. மனோகரன் தமிழையும் சிங்களத்தையும் கலந்து 'சுராங்கனி' பாடினார். மொழிப் பகைமை முற்றிவந்த நாட்டில் இரு மொழியையும் ஒரே பாட்டில் ஆட வைத்தது சிறிய காரியமா? மீன் விற்பவனுடைய விளையாட்டுப் பேச்சுப் போலத் தோன்றும் அந்தப் பாட்டு, கடலைத் தாண்டி வந்து 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' என்ற தமிழ்ப் படத்திலும் இளையராஜாவின் இசையில் இடம் பெற்றது. மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். சினிமாவின் துணையில்லாமல், தம் பெயரால் மட்டுமே ஒரு தமிழர் பாட்டுலகில் புகழ் பெறமுடியும் என்று முதலில் காட்டிய சிலரில் அவர் ஒருவர்.

மேல்நாட்டில் இதே காலத்தில் தனிப்பாட்டுக்கென்றே ஒரு தட்டுப் பிறந்திருந்தது. 1949இல் வந்த ஏழு அங்குலத் தட்டு அது. நிமிஷத்துக்கு 45 சுற்று. பக்கத்துக்கு ஒரு பாட்டு. வானொலி நிலையங்கள் அதை வாங்கி ஒலிபரப்பின. மூன்று நிமிஷத்துக்கு மேற்பட்டால் முகத்தைச் சுளித்தன. இந்த வழக்கத்தை உடைத்தவர்களில் ஒருவர் நம் நாட்டோடு உறவுடையவர். பார்சி குடும்பத்தில் சான்சிபாரில் பிறந்து, மகாராஷ்டிரத்துப் பஞ்சகனியில் பள்ளிப் படிப்புப் படித்த பிரெடி மெர்குரிதான் அவர். 'குயீன்' என்ற தம் குழுவுக்காக 1975இல் 'பொஹீமியன் ராப்சடி' என்ற பாட்டை இயற்றினார். ஏறத்தாழ ஆறு நிமிஷம். பல்லவி திரும்பி வராது. நடுவில் திடீரென்று இசை நாடகம் நுழையும். இதைத் தனிப்பாட்டாக வெளியிட்டால் எந்த வானொலியும் தொடாது என்றார்கள் விவரம் தெரிந்தவர்கள். லண்டனில் ஓர் அறிவிப்பாளர் ஒரே வார முடிவில் அதைப் பதினான்கு தடவை ஒலிபரப்பினார். பிறகு அது ஒன்பது வாரம் பிரிட்டனில் முதலிடத்தில் இருந்தது. விவரம் தெரிந்தவர்கள் அப்போதும் விவரம் தெரிந்தவர்களாகவே இருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

நம் நாட்டுக்குத் திரும்புவோம். தமிழ்நாட்டில் நெடுங்காலமாகப் பாட்டு என்றால் சினிமாப் பாட்டுத்தான். கதாநாயகன் முகம் இல்லாத பாட்டுக்குக் கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில்கூட இடம் கிடைப்பது அரிது. ஆகவே இங்கே தனிப்பாட்டின் துணிவு இரண்டு விதமாக வெளிப்பட்டது. ஒன்று, சினிமாவுக்குள் இருந்துகொண்டே செய்த துணிவு. மற்றொன்று, சினிமாவை விட்டு வெளியே வந்து செய்த துணிவு.

முதல் வகைக்கு 2011 நவம்பர் 16இல் வெளியான 'வொய் திஸ் கொலைவெறி டி'யைச் சொல்லலாம். '3' என்ற படத்தின் பாட்டு. இசையமைத்த அனிருத்துக்கு அது முதற்படம், வயது 21. எழுதிப் பாடியவர் தனுஷ். அந்த ஆண்டில்தான் 'ஆடுகளம்' படத்துக்காகச் சிறந்த நடிகர் என்ற தேசிய விருது அவருக்கு அறிவிக்கப்பட்டிருந்தது. விருது பெற்ற நடிகர் ஒருவர், தமிழும் அரைகுறை ஆங்கிலமும் கலந்து, காதலில் தோற்ற பையனைப் போல முனகிப் பாடினால் மரியாதை என்னாகும்? முடியாத ஒரு பதிவு முதலில் கசிந்து வெளியே பரவிவிட்டது. மூடி மறைக்காமல், ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடுகிற காட்சியோடு பாட்டை முறையாகவே வெளியிட்டார்கள். நடனம் இல்லை, வெளிநாட்டு மலைச்சாரல் இல்லை. சில வாரங்களில் தமிழே தெரியாதவர்கள் அதை முணுமுணுத்தார்கள். டிசம்பரில் ஜப்பான் பிரதமருக்கு நம் பிரதமர் அளித்த விருந்துக்குத் தனுஷுக்கு அழைப்பு வந்தது. 2012 மார்ச்சில் வெளியான படமோ பாட்டின் புகழை எட்டவில்லை.

அந்தப் பாட்டின் மொழி எனக்கு உவப்பானதன்று. தமிழை இப்படி நொண்ட வைத்துத்தான் உலகத்தைச் சுற்றவேண்டுமா என்று தமிழாசிரியர்கள் வருந்தியதில் எனக்கு அனுதாபம் உண்டு. இருந்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வீரம் பேசியே பழகிய நம் கதாநாயகப் பாட்டில், தோற்றவனுடைய அசட்டுத்தனத்தை அப்படியே பாட வைத்தது புதுமை. எங்கள் வீதிக் கம்பெனியில் அந்த மாதம் முழுவதும் அயர்னிங் மேசையிலிருந்து பேக்கிங் மேசை வரையில் வேறு பாட்டே கேட்கவில்லை.

எங்கள் அண்டை நகரமான கோயம்புத்தூரிலிருந்து கிளம்பிய 'ஹிப் ஹாப் தமிழா' ஆதியும் அதே ஆண்டில்தான் சினிமாவுக்கு வெளியே ஒரு தனிப்பாட்டால் பெயர் பெற்றார். 2012இல் 'ஹிப் ஹாப் தமிழன்' என்ற தொகுப்பு வந்தது. பின்னர் அவரும் சினிமாவுக்குள் போய்விட்டார். ஆறு எப்படி ஓடினாலும் தமிழ்நாட்டில் கடைசியில் கலக்கிற கடல் அதுதான் போலும்!

இரண்டாம் வகைக்கு வருகிறேன். இதற்காகவே இந்தப் பேச்சை ஒப்புக்கொண்டேன் என்று சொன்னாலும் தவறில்லை. 2021 மார்ச் 7ஆம் தேதி 'என்ஜாய் எஞ்சாமி' என்ற தனிப்பாட்டு வெளியாயிற்று. பாடியவர்கள் தீ, அறிவு. சொற்கள் அறிவுடையவை. உருவாக்கி வெளிக்கொண்டு வந்தவர் சந்தோஷ் நாராயணன். ஏ. ஆர். ரகுமான் துணைநின்ற 'மாஜா' என்ற தளத்தின் மூலம் அது வந்தது. தீ அதற்கு முன்பே 'ரவுடி பேபி' என்ற சினிமாப் பாட்டால் கோடிக்கணக்கானவர் அறிந்த குரல். அந்தப் புகழின் நிழலிலேயே இன்னும் பத்து ஆண்டு பாடிக்கொண்டிருக்கலாம். அறிவு அரக்கோணத்திலிருந்து வந்த இளைஞர். 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற குழுவில் சாதிக் கொடுமையை எதிர்த்துப் பாடியவர்.

அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள் என்ன தெரியுமா? ஒரு பாட்டியின் கதை. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு நாடு திரும்பியவர். பாடப் புத்தகத்தில் இரண்டு வரியில் கடந்து போகிற செய்தி இது. ஆகையால் நான் நான்கு வரி சொல்கிறேன். 19ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஏழை மக்களை இலங்கை மலைநாட்டுக்கு அழைத்துச் சென்றார்கள். முதலில் காப்பித் தோட்டம். இலை நோயால் காப்பி அழிந்த பிறகு தேயிலை. காட்டைத் திருத்தி மலையைத் தோட்டமாக்கியவர்கள் அவர்கள். 1948இல் இலங்கை நிறைவேற்றிய குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை எந்த நாட்டுக்கும் உரியவரல்லாதவராக்கிற்று. 1964 அக்டோபர் 30ஆம் தேதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒரு ஒப்பந்தம் செய்தார்கள். 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும். மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்பது ஏற்பாடு. பங்கு பிரிக்கப்பட்ட மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திரும்பி வந்தவர்களில் பலர் எங்களுக்கு வடமேற்கே இருக்கும் நீலகிரியில் மீண்டும் தேயிலையே பறித்தார்கள்.

இதைப் பாட்டாக்கலாம் என்று யார் நினைப்பார்கள்? ஆட்டத்துக்கு உரிய தாளம். அதன்மேல் ஒப்பாரியின் சாயல். நிலத்தை உழுதவருக்கு நிலம் இல்லை என்ற நெடுநாள் குமுறல். முன்னோர் விட்டுச் சென்ற மண்ணும் நீரும் நாயும் கோழியும்கூட உறவினராக வரும் மனநிலை. விளம்பரக்காரர் கணக்கில் இவற்றில் ஒன்றும் விலைபோகாது. ஆனால் பல கோடி முறை மக்கள் அதைத் திறந்து பார்த்தார்கள். எங்கள் ஊர்க் கம்பெனிகளில் ஒடிசாவிலிருந்து வந்த பிள்ளைகள் பொருள் தெரியாமலே அதன் அழைப்பொலியை வாயில் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். சொந்த ஊரை விட்டு வந்து பிறர் தோட்டத்தில் உழைத்தவர்களின் பாட்டு அது என்று ஒரு நாள் அவர்களில் ஒருவனுக்கு என் அரைகுறை இந்தியில் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'அப்படியானால் இது எங்கள் பாட்டு' என்றான்.

இனிமேல் சொல்ல வேண்டியது இனிப்பானதல்ல. பாட்டு வென்றது, வென்றது யார் என்பதில் தகராறு வந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் ஒரு இசைப் பத்திரிகையின் அட்டையில் அறிவின் படம் இல்லாமல் மற்றவர்கள் படம் வந்தபோது இயக்குநர் பா. ரஞ்சித் பகிரங்கமாகக் கண்டித்தார். 2022 ஜூலையில் சென்னையில் நடந்த செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு அறிவு இல்லாமலே அரங்கேறியது. அதன் பிறகு, சொல்லும் இசையும் தம்முடைய உழைப்பு என்று அறிவு எழுதினார். அது கூட்டு முயற்சி என்று மற்றவர்கள் பதில் சொன்னார்கள். அந்த அறைக்குள் நடந்ததற்கு நாம் சாட்சியல்ல. தீர்ப்புச் சொல்லும் உரிமையும் நமக்கில்லை. ஆனால் 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்ன செய்தி நம்மைத் திகைக்க வைக்கிறது. அந்தப் பாட்டிலிருந்து அதுவரை தமக்கோ மற்ற இரு கலைஞருக்கோ ஒரு காசும் வந்து சேரவில்லை என்றார் அவர்.

முன்னே உங்களிடம் ஒரு கேள்வியைக் கொடுத்து வைத்தேன். பாடுகிறவர் தம்மைப் பணயம் வைக்கிறார். விற்கிறவர் எதை வைக்கிறார்? எங்கள் ஊரில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் டெய்லருக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. அவர் தைத்த சட்டை எந்தத் தேசத்தில் என்ன விலைக்குப் போகிறது என்பது அவருக்குத் தெரியாது; உருப்படிக்கு இத்தனை என்பதோடு அவர் கணக்கு முடிந்துவிடும். நம் பாட்டுக்காரர்களும் நெடுங்காலம் பீஸ் ரேட்டுக்காரர்களாகவே இருந்தார்கள். ஒரு தடவை கூலி. அதற்கப்புறம் பாட்டு கம்பெனியின் சொத்து. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இருந்தும், படத்துக்காக எழுதிய பாட்டு படமுதலாளிக்கே உரியது என்று 1977இல் உச்ச நீதிமன்றம் முடிவு சொன்னது. 2012இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. பாட்டு எழுதியவரும் இசை அமைத்தவரும் உரிமைத்தொகையில் சமபங்கு பெறும் உரிமையை, அவர்களே விரும்பினாலும் கம்பெனிக்கு எழுதிக்கொடுத்துவிட முடியாது என்று ஆயிற்று. இது பெரிய மாறுதல். சட்டம் காகிதத்தில் இருக்கிறது. பணம் வங்கிக்கு வந்து சேர்வது வேறு காரியம்.

எங்கள் வீதியில் கைமடியாக வேலை செய்கிற ஓர் இளைஞன், கல்லூரிப் படிப்பை அஞ்சல் வழியில் தொடர்கிறவன், ஞாயிற்றுக்கிழமைகளில் என்னிடம் வருவான். ஒன்றரை ஷிப்டைப் பற்றி ஒரு பாட்டு எழுதியிருக்கிறான். மெஷின் ஓசையையே தாளமாக வைத்துக்கொண்டு, சினேகிதன் ஒருவன் துணையோடு கைப்பேசியிலேயே பதிவும் செய்திருக்கிறான். அதைத் தனிப்பாட்டாக வெளியிட ஒருவர் முன்வந்து, கையெழுத்துக்காக இரண்டு பக்கக் காகிதம் கொடுத்திருந்தார். பையனுக்கு மகிழ்ச்சி ஒரு பக்கம், அச்சம் ஒரு பக்கம்.

காகிதத்தை நாங்கள் இருவரும் உட்கார்ந்து படித்தோம். பாட்டை எழுதி வைத்த கணத்திலேயே அதன் உரிமை அவனுடையது. எங்கும் போய்ப் பதிவு செய்தால்தான் உரிமை என்பதில்லை. அந்த உரிமை அவன் ஆயுள் முழுவதும் இருந்து, அதற்குப் பின்னும் 60 ஆண்டு நிற்கும். பிறருக்கு மாற்றிக்கொடுத்தால், எத்தனை ஆண்டுக்கு என்று காகிதத்தில் எழுதாவிட்டால் சட்டம் அதை ஐந்து ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும். எந்தெந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்று எடுத்துக்கொள்ளும். அவன் கொண்டுவந்த காகிதத்தில் இரண்டுமே எழுதப்பட்டிருந்தன: என்றென்றைக்கும், எல்லா நாட்டுக்கும். பாடியவனுக்கு உள்ள தனி உரிமையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சினேகிதன் பெயரும் எங்கும் இல்லை.

அந்தக் கடைசிக் குறையைத்தான் பையன் முதலில் கவனித்தான். 'தாளம் அவனுடையதுங்க ஐயா. அவன் பெயரைச் சேர்க்காமல் எப்படிங்க கையெழுத்துப் போடறது?' என்றான். காகிதத்தைத் திருப்பிக் கொடுத்து, மூன்று இடங்களில் மாற்றி எழுதித் தரும்படி கேட்டிருக்கிறான். பதில் இன்னும் வரவில்லை. பாட்டிலே இரண்டாவது சரணத்தின் மூன்றாம் அடி தாளத்தில் உட்காராமல் சற்று இடறுகிறது. அதை வருகிற ஞாயிற்றுக்கிழமை பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறோம்.